பாடிக் கட்டிய மண்டபம்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஒரு வைத்தியரை மேடைக்கு அழைத்தால் வழக்கமாக டெங்கு பற்றியோ நீரிழிவு பற்றியோதான் பேசச் சொல்வார்கள். குழந்தை வைத்தியர் என்றால் தடுப்பூசி. இம்முறை சங்கத்துச் செயலாளர் அக்கா தொலைபேசியில், "நோய் நொடி ஒன்றும் வேண்டாம் பிள்ளை, போய்வந்த ஊர் ஒன்றைப் பற்றிச் சொல்லும்" என்றார். வைத்தியசாலையை விட்டு வெளியே வர ஒரு சாட்டுக் கிடைத்தது என்று உடனே சம்மதித்தேன். ஆனாலும் கடைசியில் வைத்தியசாலைக்குள்தான் போய் நிற்பேன் என்று நினைக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற ஆண்டு ஒரு மருத்துவ மாநாட்டுக்காக அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்துக்குப் போயிருந்தேன். ரெனசி மாநிலத்தின் தலைநகர் அது. கம்பலண்ட் ஆற்றங்கரையில் இருக்கிறது. மாநாடு 3 நாள். அதற்குப் பிறகு இரண்டரை நாள் எனக்கென்று இருந்தது. அந்த இரண்டரை நாளில் பார்த்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

நாஷ்வில் என்றால் கன்ட்றி இசை. இங்கே இருக்கும் மூத்த அக்காமாருக்கு அந்த இசையை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஜிம் றீவ்ஸ் என்றால் போதும். எங்கள் நாட்டு வானொலியில் அவருடைய குரல் கேளாத நத்தார்க் காலம் உண்டா? அந்த மனிதர் பாடிப் பதிவு செய்தது நாஷ்வில்லில். 1964ஆம் ஆண்டு யூலை 31ஆந் திகதி, தானே ஓட்டிவந்த சிறிய விமானம் இடிமழையில் அகப்பட்டு விழுந்து இறந்ததும் நாஷ்வில்லுக்கு அருகில்தான். அப்போது அவருக்கு 40 வயது. தங்கைமாருக்காக ஒரு வரி: பிரித்தானியத் தீவுகளிலிருந்து குடியேறிய ஏழை வெள்ளையர் கொண்டுவந்த பாட்டும் பிடிலும், ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் தாளமும் பான்ஜோவும் தென்மாநிலங்களில் கலந்து பிறந்ததுதான் இந்த இசை. பிரிவு, வறுமை, அம்மா, ரெயில், குடி. பெரும்பாலான பாட்டுக்கள் இந்த ஐந்துக்குள் அடங்கிவிடும்.

முதலில் எல்லோரும் போகும் இடத்துக்கே நானும் போனேன். புறோட்வே என்பது நகரின் நடுவே ஆற்றை நோக்கி இறங்கும் ஒரு பெருந்தெரு. இரு பக்கமும் தவறணைகள். ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று மாடி, ஒவ்வொரு மாடியிலும் ஒரு இசைக்குழு. காலை 11 மணிக்கே பாடத் தொடங்கிவிடுகிறார்கள். நள்ளிரவு தாண்டியும் ஓய்வதில்லை. பெரும்பாலான இடங்களில் உள்ளே போகக் கட்டணம் இல்லை. பாடுகிறவர்களுக்கு முக்கிய வருமானம், மேடைக்கு முன்னால் வைத்திருக்கும் வாளிக்குள் விழும் காசுதான். நான் கேட்ட ஒரு பெண்பிள்ளை அருமையாகப் பாடினார். எங்கள் ஊர் என்றால் பொன்னாடை போர்த்தியிருப்போம். அங்கே அவர் நாலாவது பாட்டு முடிந்ததும் தானே வாளியைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாக வந்தார். அமெரிக்கா முழுவதிலுமிருந்து திறமையான பிள்ளைகள் கிற்றாரோடு இந்த ஊருக்கு வந்திறங்குகிறார்கள். அவர்களில் எத்தனை பேருடைய பெயரை நாங்கள் கேள்விப்படுவோம்?

சத்தத்தைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். வைத்தியர் வேலை விட்டுப்போகாது. 85 டெசிபெல் சத்தத்தில் 8 மணித்தியாலம் இருந்தாலே காதின் நுண்மயிர்க் கலங்கள் பழுதாகத் தொடங்கும். புறோட்வே தவறணைகளில் பக்கத்தில் நிற்பவருடன் பேச வேண்டுமென்றால் காதுக்குள் கத்த வேண்டும். நான் காதடைப்பான் வாங்கிப் போட்டுக்கொண்டேன். நீங்கள் போனால் நீங்களும் போடுங்கள். இங்கே கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கிக்குக் கீழே பிள்ளைகளை இருத்தும் தாய்மாருக்கும் இது பொருந்தும்.

அந்தத் தெருவுக்குப் பின்னால், கொஞ்சம் மேட்டில், செங்கட்டியால் கட்டிய ஒரு பழைய கட்டடம் இருக்கிறது. றைமன் மண்டபம். முதலில் அது ஒரு பிரார்த்தனைக் கூடம். தோமஸ் றைமன் என்ற ஆற்றுக்கப்பல் முதலாளி, 1885இல் சாம் ஜோன்ஸ் என்ற போதகரின் கூடாரக் கூட்டத்துக்குப் போய் மனம் மாறி, அவருக்காகவே இதைக் கட்டத் தொடங்கினார். 1892இல் திறந்தது. இன்றைக்கும் அங்கே கதிரைகள் இல்லை. தேவாலயத்து வாங்குகள்தான். வர்ணக் கண்ணாடி யன்னல்களும் அப்படியே இருக்கின்றன. இரண்டு மணித்தியாலம் அந்த வாங்கில் இருந்தால் முதுகு சொல்லும்.

கடன்பட்ட அந்தக் கூடத்தைக் காப்பாற்றி, உலகப் புகழ்பெற்ற அரங்காக ஆக்கியவர் ஒரு பெண். லூலா நாஃப் என்று பெயர். கணவனை இழந்து, ஒரு மகளோடு, சுருக்கெழுத்தாளராக வேலை பார்த்தவர். கச்சேரிகளை ஒழுங்குபடுத்தும் வேலை பார்க்கத் தொடங்கி, மண்டபத்தின் முகாமையாளராகி, 1955வரை நடத்தினார். பெண் என்று தெரிந்தால் பேரம் பேச மாட்டார்கள் என்று கடிதங்களில் "எல். சி. நாஃப்" என்றே கையொப்பம் இடுவார். கண் தெரியாத, காது கேளாத ஹெலன் கெல்லரும் அவருடைய ஆசிரியை ஆன் சலிவனும் 1913இல் வந்தபோதுதான் அந்த மண்டபத்தில் முதல் தடவையாக ரிக்கற் எல்லாம் விற்றுத் தீர்ந்தது. பாட்டுக் கச்சேரிக்கு அல்ல, ஒரு மாணவியும் ஆசிரியையும் பேசுவதைக் கேட்க. மாறாத நாட்டம் உள்ள எங்கள் ரீச்சர்மாருக்கு இது பிடிக்கும் என்று குறித்து வைத்தேன். நாடகம் ஒன்றை நகரத்துத் தணிக்கைச் சபை தடுக்கப் பார்த்தபோது, 1939இல் நாஃப் அம்மையார் நீதிமன்றம் போய் வென்றார். மண்டபத்துக்குப் பெயர் கப்பல் முதலாளியுடையதுதான்.

புகழ்பெற்ற 'கிராண்ட் ஓல் ஒப்ரி' நிகழ்ச்சி 1943 முதல் 1974 வரை இந்த மண்டபத்திலிருந்துதான் ஒலிபரப்பானது. அதன் கதை கொஞ்சம் வேடிக்கையானது. 1925இல் நாஷ்வில்லில் ஒரு காப்புறுதிக் கம்பனி தன்னுடைய பெயரைப் பரப்ப ஒரு வானொலி நிலையத்தைத் தொடங்கியது. இலட்சக் கணக்கானோருக்கு நாங்களே கேடயம் என்ற அவர்களுடைய விளம்பர வாசகத்தின் முதல் எழுத்துக்களையே நிலையத்துக்குப் பெயராக வைத்தார்கள். அந்த வருடம் நவம்பர் 28ஆந் திகதி இரவு, 77 வயதான ஒரு முதியவர் ஒலிவாங்கிக்கு முன் இருந்து பிடில் வாசித்தார். கிராமத்து மக்கள் கேட்டுக் கேட்டு இன்னும் வேண்டும் என்றார்கள். பிறகு காப்புறுதி முகவர்கள் வீடு வீடாகப் போகும்போது கதவு தட்டுவதற்கு அந்த நிகழ்ச்சியே நல்ல சாட்டாகிவிட்டது. அமெரிக்க வானொலியில் ஆகக் கூடிய காலம் தொடர்ந்து நடக்கும் நிகழ்ச்சி அது. 2025இல் நூறு வயது. நான் போனபோது ஊரெங்கும் 100 என்ற இலக்கம். எங்கள் சங்கத்துக்கும் அதே வயது என்பதால் எனக்கு அந்தப் பதாகைகளெல்லாம் எங்களுக்காகக் கட்டியதுபோல இருந்தது.

இப்போது அந்த நிகழ்ச்சி நகருக்கு வெளியே பெரிய அரங்கொன்றில் நடக்கிறது. 1974இல் இடம் மாறியபோது, றைமன் மேடையிலிருந்து 6 அடி அகலமான ஒரு வட்டப் பலகையை வெட்டி எடுத்துப் புது மேடையின் நடுவில் பதித்தார்கள். பாடகர்கள் அந்த வட்டத்தில் நின்று பாடுவதைப் பெரும் பேறாக நினைக்கிறார்கள். 2010 மே மாத வெள்ளத்தில் மேடைக்கு மேல் நாலடி அளவு தண்ணீர் நின்றது. அந்தப் பலகையைக் காயவைத்து, திருத்தி, திரும்பவும் வைத்திருக்கிறார்கள். வெள்ளத்தில் வீட்டுச் சாமான்களைக் காயவைத்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

அந்த நிகழ்ச்சியின் முதற்காலப் பெரும் நட்சத்திரங்களில் ஒருவர் டீஃபோர்ட் பெய்லி என்ற கறுப்பினத்தவர். அவரைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். 1899இல் பிறந்தவர். 3 வயதில் இளம்பிள்ளைவாதம். ஒரு வருட அளவு படுக்கை. குழந்தை வைத்தியர்களுக்கு அந்தக் காட்சி தெரியும்: தலையையும் கையையும் தவிர எதையும் அசைக்க முடியாத ஒரு பிள்ளை. படுத்த படுக்கையில் அந்தப் பிள்ளையின் கையில் ஒரு மவுத் ஓர்கன் இருந்தது. யன்னலுக்கு வெளியே கேட்ட ரெயில் சத்தம், நாய் குரைப்பு, கோழிக் கூவல் எல்லாவற்றையும் அதில் ஊதிப் பார்த்தது. நோய் தீர்ந்து எழுந்தாலும் வளர்ச்சி குறைந்துவிட்டது. முதுகும் சற்றே வளைந்துவிட்டது. வளர்ந்து வானொலிக்கு வந்தபோது, ஓடும் ரெயிலை அப்படியே மவுத் ஓர்கனில் ஊதிக் காட்டுவதுதான் அவருடைய பேர்போன உருப்படி. 1927இல் அறிவிப்பாளர் ஜோர்ஜ் ஹே அந்த நிகழ்ச்சிக்கு இன்றைய பெயரைச் சூட்டியது பெய்லி வாசித்த அந்த இரவில்தான்.

வானொலியில் கேட்டவர்களில் அநேகருக்கு அவர் கறுப்பினத்தவர் என்பது தெரியாது. குழுவோடு ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போனால் மற்றவர்கள் படுக்கும் ஹொட்டேலில் அவர் படுக்க முடியாது. மற்றவர்கள் சாப்பிடும் மேசையில் சாப்பிட முடியாது. 1941இல் அவரை நிறுத்திவிட்டார்கள். பாட்டுக்களின் உரிமைக் கட்டணம் பற்றிய ஒரு தகராறு அப்போது வானொலிகளுக்கு இருந்தது உண்மை. ஆனால் அதே அறிவிப்பாளர் பிறகு எழுதிய புத்தகத்தில், பெய்லி சோம்பேறி என்று எழுதினார். சோம்பேறி என்று சொல்லப்பட்ட அந்த மனிதர் அதற்குப் பிறகு பல ஆண்டுகள் நாஷ்வில்லில் சப்பாத்துத் துடைக்கும் கடை நடத்திப் பிள்ளைகளை வளர்த்தார். 1982இல் இறந்தார். 2005இல் கன்ட்றி இசைப் புகழ்மண்டபத்தில் அவருக்கு வெண்கலப் படம் பதித்தார்கள். நான் அதைத் தேடிப்போய்ப் பார்த்தேன். இறந்து 23 வருடம் கழித்து வந்த மரியாதை.

அந்தப் புகழ்மண்டபம் ஒரு பெரிய அருங்காட்சியகம். அரை நாள் தேவை. தூரத்தில் நின்று பார்த்தால் அதன் யன்னல்கள் பியானோக் கட்டைகள்போல இருக்கும். பாடகர்களின் மினுங்கும் உடுப்புக்கள், கிற்றார்கள், பொன்முலாம் பூசிய கார். இவற்றை விரைவாகக் கடந்துவிட்டேன். லொறெற்றா லின்னின் பெயருக்கு முன்னால் மட்டும் நின்றேன். கெண்டக்கி மாநிலத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகள். 15 வயதில் கலியாணம். 20 வயதில் 4 பிள்ளைகள். 1975இல் கருத்தடை மாத்திரையைப் பற்றி ஒரு பாட்டு வெளியிட்டார். மூன்று வருடம் பயந்து பயந்து கம்பனி அதை வெளியிடாமல் வைத்திருந்தது. வெளிவந்ததும் பல வானொலிகள் போட மறுத்தன. அப்படியும் பாட்டு எங்கும் பரவியது. கிராமத்து வைத்தியர்கள் தன்னிடம் வந்து, தாங்கள் விநியோகித்த துண்டுப் பிரசுரங்கள் செய்யாததை அந்தப் பாட்டுச் செய்தது என்று சொன்னதாக அவர் ஒரு நேர்காணலில் சொல்லியிருக்கிறார். துண்டுப் பிரசுரம் எழுதிக் களைத்தவள் என்ற முறையில் நான் அதை நம்புகிறேன்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்பீர்கள். அந்த ஊருக்கென்று உறைப்புக் கோழிப்பொரியல் ஒன்று உண்டு. தோர்ன்ரன் பிறின்ஸ் என்பவர் இரவு வீட்டுக்குப் பிந்தி வந்த கோபத்தில், அவருடைய துணைவி காலையில் கோழிப்பொரியலில் மிளகாய்த்தூளை அள்ளிக் கொட்டினாராம். அவருக்கோ அது பிடித்துப்போய்க் கடையே போட்டுவிட்டாராம். தண்டனையாகச் செய்தது தொழிலாகிவிட்டது. வெள்ளைப் பாண் துண்டின்மேல் வைத்து, ஊறுகாய் வெள்ளரியோடு தருவார்கள். கடையில் நின்ற பிள்ளை என்னைப் பார்த்து, நடுத்தர உறைப்பே போதும் என்று அன்பாக எச்சரித்தார். ஆக உறைப்பானதைத்தான் வாங்கினேன். உறைப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் யாழ்ப்பாணத்து நண்டுக்குழம்பில் வளர்ந்தவருக்கு அதில் வாசம் காணாது.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். 'இசை நகரம்' என்று நாஷ்வில்லுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. விமான நிலையத்திலிருந்து குப்பை வண்டி வரைக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். அது எப்படி வந்தது என்று கேட்டால் இரண்டு கதை சொல்வார்கள். ஒன்று, 1950இல் வானொலி அறிவிப்பாளர் ஒருவர் வாய்தவறாமல் சொன்னது, அப்படியே நின்றுவிட்டது. மற்றது, 1873இல் விக்ரோறியா மகாராணி ஒரு பாடகர் குழுவைக் கேட்டு வியந்து, நீங்கள் இசை நகரத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்றாராம். இரண்டாவது கதைக்குச் சான்று குறைவு. முதலாவதுதான் உண்மை என்பது என் எண்ணம். ஆனால் மகாராணிக்கு முன் பாடிய குழு உண்மை. அது கன்ட்றி இசைக் குழு அல்ல. ஒரு ஏழைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். அந்தப் பள்ளிக்கூடம் எங்கே என்று ஹொட்டேலில் கேட்டேன். வாடகைக் காரில் பத்து நிமிடம் என்றார்கள்.

புறோட்வேயிலிருந்து வடமேற்காக, நெடுஞ்சாலையைக் கடந்து போக வேண்டும். அந்த நெடுஞ்சாலையும் கதையின் ஒரு பகுதி. ஜெபர்சன் வீதி என்பது கறுப்பின மக்களின் கடைகளும் இசைக்கூடங்களும் நிறைந்திருந்த தெரு. புகழ்பெறுவதற்கு முன் ஜிமி ஹென்றிக்ஸ் அங்கே கிற்றார் வாசித்துத் திரிந்தார். 1960களின் கடைசியில் நெடுஞ்சாலையை அந்தப் பகுதிக்கு நடுவால் வெட்டினார்கள். நூற்றுக்கணக்கான வீடுகள் போயின. சுற்றுலாப் பேருந்துகள் இந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை.

அந்தத் தெருவுக்கு அருகில், மேட்டில், கோபுரத்தோடு ஒரு செங்கட்டிக் கட்டடம் தெரியும். ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் யூபிலி மண்டபம்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலை பெற்ற அடிமைகளுக்காக 1866இல் தொடங்கிய பள்ளி ஃபிஸ்க். போர்க்காலத்தில் இராணுவ வைத்தியசாலையாக இருந்த மரக்கொட்டில்களில்தான் முதல் வகுப்புகள். ஏழு வயதுப் பிள்ளையும் எழுபது வயதுக் கிழவரும் ஒரே வாங்கில் இருந்து அரிச்சுவடி படித்தார்கள். அடிமைகளை விற்ற இடத்தில் கிடந்த துருப்பிடித்த விலங்குகளைப் பொறுக்கிப் பழைய இரும்பாக விற்று, அந்தக் காசில் அரிச்சுவடி வாங்கினார்கள் என்று அங்கே சொல்கிறார்கள். 1871இல் பள்ளி கடனில் மூழ்கிவிட்டது. கொட்டில்கள் இற்றுப்போயின, மூடுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

பள்ளியின் பொருளாளர் ஜோர்ஜ் வைற். சங்கீதமும் அவர்தான் படிப்பித்தார். மாணவர்களில் ஒன்பது பேரைக் கூட்டிக்கொண்டு, கையிலிருந்த காசையெல்லாம் வழிச்செலவுக்குப் போட்டு, 1871 ஒக்டோபர் 6ஆந் திகதி வடமாநிலங்களுக்குப் பாடப் போனார். ஒன்பது பேரில் ஐந்து பேர் பெண்பிள்ளைகள். பெரும்பாலானோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். ஆகச் சின்னவள் மின்னி ரெய்ற். 14 வயது. எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை.

குழுவுக்குப் பியானோ வாசித்து, பாட்டுக்களை எழுதி எடுத்து, ஒத்திகை நடத்தியவர் எலா ஷெப்பர்ட். அப்போது அவருக்கு 20 வயது. நாஷ்வில்லில் அடிமையாகப் பிறந்தவர். தகப்பன் உழைத்துக் காசு சேர்த்துப் பிள்ளையை விலைகொடுத்து மீட்டார். தாயை மீட்க முடியவில்லை. தாய் வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோகப்பட்டார். 6 டொலர் கையில் கொண்டு ஃபிஸ்க்கில் சேர்ந்தவர் எலா. அது மூன்று கிழமைக்குத்தான் காணும். பாடிப் பேரெடுத்த பிறகு தாயைத் தேடிக் கண்டுபிடித்துத் தன்னுடன் கூட்டி வந்து வைத்திருந்தார்.

முதலில் அவர்கள் வெள்ளையர் விரும்பும் மேடைப் பாட்டுக்களைத்தான் பாடினார்கள். வாங்குகள் காலியாக இருந்தன. கறுப்பினத்தவர் மேடை ஏறினால் கோமாளித்தனம்தான் வரும் என்று எதிர்பார்த்து வந்த கூட்டத்துக்கு இந்தப் பிள்ளைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. ஹொட்டேல்காரர் கதவடைத்தார்கள். அந்த நேரத்தில் சிக்காகோ நகரம் தீப்பற்றி எரிந்தது. தாங்கள் கச்சேரியில் பெற்ற 50 டொலருக்கும் குறைந்த வருமானத்தை அப்படியே தீயில் வீடிழந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். கடனில் இருக்கும் பள்ளிக்குக் காசு சேர்க்கப் போனவர்கள்!

தாய் தகப்பனிடம் கேட்ட அடிமைக்காலத் துதிப்பாட்டுக்களை அவர்கள் மேடையில் பாட விரும்பவில்லை. அவை தங்கள் வீட்டுத் துயரம், அந்நியருக்கு முன்னால் எடுத்து வைக்கும் பொருள் அல்ல என்று நினைத்தார்கள். வைற் கேட்டுக் கேட்டு, மெல்ல மெல்ல இரண்டு மூன்று பாடத் தொடங்கினார்கள். மிக மெல்லிய குரலில். மண்டபம் மூச்சுவிடாமல் கேட்டது. அதற்குப் பிறகு கதவுகள் திறந்தன. நியூயோர்க், வெள்ளை மாளிகை, 1873இல் இங்கிலாந்து. முதற் பயணத்திலேயே 20,000 டொலர். அதில் கடனை அடைத்து, இன்றைய வளாகத்துக்கான காணியை வாங்கினார்கள். அந்தக் காணியில் கட்டியதுதான் யூபிலி மண்டபம். 1876 தொடக்கத்தில் திறந்தது. கறுப்பின மக்களின் உயர்கல்விக்கென்று தென்மாநிலங்களில் கட்டிய முதல் நிரந்தரக் கட்டடம். மாணவர் விடுதி அது. நான் வெளியே நின்றுதான் பார்த்தேன். அந்தப் பாடகர்களை ஆளுயரத்துக்கு வரைந்த ஓவியம் உள்ளே தொங்குகிறது.

நிதி சேர்ப்பதற்குக் கலைநிகழ்ச்சி வைத்து, ரிக்கற் புத்தகத்தோடு வீடு வீடாகப் போன அனுபவம் இந்த மண்டபத்தில் இருக்கும் அநேகருக்கு உண்டு. கூரை ஓட்டுக்கும் மலசலகூடத்துக்கும் நாங்கள் அப்படித்தான் காசு சேர்த்தோம். எனவே அந்தச் செங்கட்டிகளைப் பார்த்தபோது என் மனதில் எழுந்த கேள்வியை உங்களிடம் சொல்லலாம்: அந்தக் காசுக்கு விலை என்ன கொடுத்தார்கள்?

வைத்தியரின் கண்ணோடு அந்தக் கதையை வாசித்தால் அது ஒரு நோயாளர் பட்டியல். ஏழு வருடம். குளிர்காலத்தில் ரெயில் நிலையங்களில் இரவு. நாளாந்தம் பாட்டு. எலாவுக்கு உடல்நிலை சரியாக இருந்த காலமே குறைவு. பெஞ்சமின் ஹோம்ஸ் என்ற பாடகர் காசநோயால் 1875இல் இறந்தார். வைற்றின் சுவாசப்பையிலிருந்து இரத்தம் வந்தது. ஓய்வு வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டபோது, இன்னும் ஒரு பயணம் என்று பள்ளி நிர்வாகம் அனுப்பியது. 1878இல் ஜேர்மனியில் வைத்துக் குழு களைத்துக் கலைந்தது. முதற்குழுவில் பாடிய ஒன்பது பேரில் ஒருவர்கூட அந்தப் பள்ளியில் படித்துப் பட்டம் பெறவில்லை. மற்றவர்கள் பட்டம் பெறப் பாடினார்கள். தங்களுக்குப் படிக்க நேரம் கிடைக்கவில்லை. பள்ளிக்காகப் பிள்ளைகளா, பிள்ளைகளுக்காகப் பள்ளியா என்று அந்த நிர்வாகத்தைக் கேட்க வேண்டும்போல இருந்தது. வைற்றையும் எலாவையும் நான் மதிக்கிறேன். திரும்பத் திரும்ப அனுப்பியவர்களை அவ்வளவு இலகுவாக விட முடியவில்லை.

ஃபிஸ்க்குக்குப் பக்கத்தில், தெருவைக் கடந்தால், மெஹரி மருத்துவக் கல்லூரி. கடைசியில் வைத்தியசாலைக்கே வந்துவிட்டேன், சொன்னேனல்லவா? அதுவும் 1876இல் தொடங்கியது. சாமுவேல் மெஹரி என்ற வாலிபரின் உப்பு வண்டில் ஒருநாள் சேற்றில் புதைந்தபோது, விடுதலை பெற்ற ஒரு கறுப்பினக் குடும்பம் இரவு தங்க இடங்கொடுத்து, காலையில் வண்டிலைத் தூக்கி விட்டதாம். கைம்மாறு செய்யக் காசில்லை, ஒருநாள் உங்கள் இனத்துக்குச் செய்வேன் என்று சொல்லிப் போனவர், முதுமையில் தன் சகோதரரோடு சேர்ந்து இந்தக் கல்லூரிக்குக் கொடுத்தார் என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. தென்மாநிலங்களின் கறுப்பின வைத்தியர்களில் பெருந்தொகையானோரை உருவாக்கிய இடம். அநாதை இல்லத்தில் வளர்ந்த டொறதி பிறவுண் 1948இல் இங்கே படித்து வெளியேறி, தென்பகுதியின் முதலாவது கறுப்பினப் பெண் சத்திரசிகிச்சை நிபுணரானார். 1966இல் ரெனசிச் சட்டமன்றத்துக்கும் தெரிவானார்.

இன்னொருவர் மெஹரியில் படிக்க ஆசைப்பட்டும் படிக்க முடியாதவர். விவியன் தோமஸ். நாஷ்வில்லில் வளர்ந்து, தச்சு வேலை செய்து மருத்துவப் படிப்புக்குச் சேர்த்த காசு, 1930இல் வங்கி முறிந்து போய்விட்டது. வாண்டர்பில்ற் பல்கலைக்கழகத்தில் டொக்டர் புளலொக்கின் ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். செய்தது ஆராய்ச்சி, சம்பளப் பட்டியலில் துப்புரவுத் தொழிலாளி. நீலம் பாரித்துப் பிறக்கும் இதயநோய்க் குழந்தைகளைக் காப்பாற்றும் சத்திரசிகிச்சையை ஆய்வுகூடத்தில் முதலில் செய்து பார்த்துக் கைவரப் பெற்றவர் அவர்தான். 1944இல் போல்ற்றிமோர் நகரில் அது முதன்முதல் ஒரு குழந்தைக்குச் செய்யப்பட்டபோது, புளலொக்கின் தோளுக்குப் பின்னால் ஒரு முக்காலியில் ஏறி நின்று ஒவ்வொரு தையலுக்கும் வழி சொன்னார். நாங்கள் மருத்துவபீடத்தில் படித்தபோது அந்தச் சிகிச்சைக்கு இரண்டு பெயர்தான்: புளலொக், ரோசிக். இப்போது பலர் தோமஸின் பெயரையும் நடுவில் சேர்த்துச் சொல்கிறார்கள். என் விடுதியில் பயிலும் இளம் வைத்தியர்களிடம் நான் மூன்று பெயரையும் சொல்ல வைக்கிறேன். சொல்லாவிட்டால் மறுநாள் திரும்பக் கேட்பேன்.

ஆண்டுதோறும் ஒக்டோபர் 6ஆந் திகதியை ஃபிஸ்க்கில் யூபிலி நாளாகக் கொண்டாடுகிறார்கள். அன்று இன்றைய பாடகர் குழு, நாஷ்வில்லில் அடக்கம் செய்யப்பட்டிருக்கும் முதற்குழுவினரின் கல்லறைகளுக்குப் போய், அங்கே நின்று பாடுகிறது. குழு இன்றும் மாணவர்களால் ஆனதுதான். 2021இல் கிராமி விருது கிடைத்தது. புறோட்வேயில் இப்போது ஆபிரிக்க அமெரிக்க இசைக்கான அருங்காட்சியகம் ஒன்றும் திறந்திருக்கிறார்கள். அதுவும் 2021இல்தான். றைமனுக்கு நேரெதிரே இருக்கிறது. உங்கள் பிள்ளைகள், மருமக்கள் யாராவது அமெரிக்காவில் இருந்து, நீங்கள் நாஷ்வில்லுக்குப் போக வாய்த்தால் தவறணைத் தெருவை ஒரு மாலைப்பொழுதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காலை வெயிலில் யூபிலி மண்டபத்தைப் பாருங்கள். தொப்பி கொண்டு போங்கள், மேடு ஏற வேண்டும்.

எனக்குத் தந்த நேரம் முடிந்துவிட்டது என்று செயலாளர் அக்கா மணிக்கூட்டைக் காட்டுகிறார். அடுத்ததாக எங்கள் கல்லூரிப் பாடகர் குழு மேடைக்குப் பக்கத்தில் ஆயத்தமாக நிற்கிறது. பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுத்தீர்களா? கொடுத்துவிட்டு ஏற்றுங்கள்.